பெருங்களத்தூர் தாண்டுனா நின்னுடுற ஹெரால்ட், பெட்ரோல் எங்க மாட்டுதுன்னு தெரியல

குரோம்பேட்டை ஹெரால்ட்காரன்

எல்லாருக்கும் வணக்கம், ரெண்டு வருஷமா இந்த பழைய கார் ஃபோரத்துல படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இப்ப வேற வழியில்லாம எழுதுறேன். அப்பாவோட 1966 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், ரெண்டு டோர், 948 சிசி, ஒரிஜினல் இன்ஜின், சிங்கிள் சோலெக்ஸ் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காத்தோட கலக்குறது), இன்ஜினே ஓட்டுற மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப். அப்பா போனப்புறம் 6 வருஷம் ஷெட்ல நின்னுச்சு, போன வருஷம் எடுத்து ரோட்டுக்குக் கொண்டு வந்தேன்.

பிரச்சனை என்னன்னா குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம்னு ஊருக்குள்ள ஓட்டுனா தங்கம் மாதிரி ஓடுது, ஆனா ஜிஎஸ்டி ரோட்ல தெற்கே போனா பெருங்களத்தூர் வண்டலூர் தாண்டி 60-ல ஒரு பத்து நிமிஷம் பிடிச்சதும் முதல்ல லேசா ஒரு ஜெர்க், அப்புறம் மூச்சு முட்டுற மாதிரி திணறுது, ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க இன்னும் மோசமாகி அப்படியே ஓரமா போய் நின்னுடுது. கால் மணி நேரம் கழிச்சு செல்ஃப் அடிச்சு அடிச்சுப் பாத்தா ஸ்டார்ட் ஆகும், ஒரு 4-5 கிலோமீட்டர் போகும், மறுபடி அதே கதை. இந்த வண்டி செஞ்ச ஃபேக்டரியே பெருங்களத்தூர் பக்கம்தான், அதனால என் மனைவி "பொறந்த வீட்டைத் தாண்டி வர மாட்டேங்குது"ன்னு கிண்டல் பண்றா, எனக்கு சிரிப்பு வரல.

இதுவரைக்கும் செஞ்சது: ஸ்பார்க் பக்கம் ப்ளக், பாயிண்ட், கண்டென்சர் மூணும் புதுசு. கார்புரேட்டர் ரெண்டு தடவை கழட்டி கிளீன் பண்ணியாச்சு, ஜெட் எல்லாம் ஊதியாச்சு. பம்புக்கு புது டயாஃப்ரம் (பெட்ரோலை இழுக்குற சவ்வு) கிட் போட்டாச்சு. இப்ப மெக்கானிக் "பம்பே வேணாம் சார், எலக்ட்ரிக் பம்ப் போட்டு விட்றேன், ஒரே நாள் வேலை"ங்கறாரு. அப்பா வச்சிருந்த மாதிரியே வச்சுக்கணும்னு எனக்கு ஆசை, ஆனா நடுரோட்ல நிக்கிறதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல. என்ன பாக்கலாம்னு சொல்லுங்க.

வேலூர் வெயில்

ப்ரோ இது சந்தேகமே இல்லாம வேப்பர் லாக். கத்திரி வெயில், தார் ரோடு சூடு, இன்ஜின் சூடு எல்லாம் சேந்து பைப்புக்குள்ளயே பெட்ரோல் ஆவியாயிடுது, பம்ப் ஆவியைத்தான் இழுக்குது. நம்ம ஊர் பெட்ரோல்ல இப்ப 20 சதவீதம் எத்தனால் வேற. பம்ப் மேல ஈரத்துணி சுத்தி வைங்க, பைப் சைலன்சர் பக்கமா போற இடத்துல கிச்சன் ஃபாயில் சுத்துங்க. எங்க பெரியப்பா அம்பாசிடர்ல ஏலகிரி ஏறும்போதெல்லாம் முன் சீட்ல ஒரு குடம் தண்ணியும் பழைய வேட்டியும் இருக்கும், வளைவுக்கு வளைவு நனைக்கிறதுதான் என் வேலை.

பட்டறை பாண்டி

வேலூர் தம்பி சொல்றது தப்புன்னு சொல்லல, ஆனா நின்ன வண்டியைப் பாத்ததும் வேப்பர் லாக்னு சொல்றது ஜுரம்னு வந்தவனையெல்லாம் டைபாய்டுன்னு சொல்ற மாதிரி. ஹெரால்ட் சார், நீங்க இதுவரைக்கும் மாத்துனது எல்லாமே பானெட்டுக்குக் கீழ இருக்குறது. டிக்கியில இருக்குற டேங்க்லேர்ந்து பம்ப் வரைக்கும் ஒருத்தரும் தொட்ட மாதிரி தெரியல. பழைய வண்டியில பெட்ரோல் பிரச்சனைன்னா நான் எப்பவும் டேங்க்லேர்ந்துதான் ஆரம்பிப்பேன், மத்தவங்க எல்லாம் கார்ப்லேர்ந்து ஆரம்பிப்பாங்க, ஏன்னா அதுதான் கைக்கு எட்டுற இடத்துல இருக்கு.

அடுத்த தடவை நிக்கும்போது உடனே செல்ஃப் அடிக்காதீங்க, இறங்கி இந்த மூணு விஷயம் பாருங்க. முதல்ல டேங்க் மூடியைத் திறங்க, "உஸ்"னு காத்து உள்ள இழுக்குற சத்தம் வருதா? வந்தா டேங்க்ல காத்துப் போற ஓட்டை அடைச்சிருக்கு. பெட்ரோல் வெளிய போகப் போக அந்த இடத்துக்குக் காத்து வரணும்ல, வராட்டி டேங்க்குள்ள வெற்றிடம் ஆகி பம்பால இழுக்க முடியாது. மூடியைத் திறந்து மூடுனதும் வண்டி நல்லா ஓடுச்சுன்னா வேலை பத்து ரூபா கூட இல்ல, மூடில இருக்குற ஓட்டையை ஒரு ஊசி விட்டு குத்தி விடுறதுதான்.

ரெண்டாவது, பம்ப் மேல கண்ணாடிக் கிண்ணம் இருக்கும் பாருங்க, அதுதான் உங்க உளவாளி. அதுல பெட்ரோல் ரொம்பியிருக்கா, பாதியா இருக்கா, குமிழி ஓடுதா, அடியில துருத்தூள் தண்ணி ஏதாவது படிஞ்சிருக்கா. கிண்ணம் ரொம்பியிருந்து வண்டி நின்னா பம்புக்கு முன்னாடி வரைக்கும் எல்லாம் சரி, கோளாறு அதுக்கப்புறம். கிண்ணம் காலின்னா பின்னாடி பாக்கணும்.

மூணாவது ஸ்பார்க். ஒரு ப்ளக்கைக் கழட்டி பாடியில வச்சு அப்பவே, நின்ன அந்த நிமிஷமே பாருங்க (பெட்ரோல் சிந்தியிருக்குற இடத்துல வேணாம்). சூடானதும் சாகுற காயிலும் கண்டென்சரும் அப்படியே பெட்ரோல் வராத மாதிரியே நடிக்கும், ஆறுனதும் ஒண்ணும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். கண்டென்சர் புதுசுன்னு சொன்னீங்க, இன்னிக்கு கடைல கிடைக்கிற புது கண்டென்சரை விட உங்க அப்பா காலத்து பழசே மேல், அதை நம்ப முடியாது. என் அனுபவத்துல பெட்ரோல் பிரச்சனைன்னு வந்த வண்டியில பாதிக்கு கரண்ட் பிரச்சனைதான். ஆனா உங்களுது ஜெர்க் ஆகி திணறி மெதுவா சாகுறது, கரண்ட் போனா பெரும்பாலும் சுவிட்ச் ஆஃப் பண்ண மாதிரி டக்குனு போகும், அதனால எனக்கும் பெட்ரோல் பக்கம்தான் சந்தேகம்.

இன்னொண்ணு, நிக்கும்போதெல்லாம் டேங்க்ல எவ்வளவு பெட்ரோல் இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? மீட்டரை நம்பாதீங்க, குச்சி விட்டுப் பாருங்க.

குரோம்பேட்டை ஹெரால்ட்காரன்

பாண்டி அண்ணே, நேத்து வேணும்னே ஒரு ரவுண்டு போயி நிறுத்திட்டு வந்தேன். மறைமலை நகர் தாண்டுனதும் கரெக்டா நின்னுச்சு. மூடி திறந்தேன், சத்தம் ஒண்ணும் வரல. ஸ்பார்க் நீலமா பளிச்சுன்னு வருது. கண்ணாடிக் கிண்ணத்துல பாதிதான் பெட்ரோல், மேல நுரை நுரையா இருந்துச்சு. கிண்ணத்துக்கு அடியில இருக்குற கை லிவரை வச்சு பம்ப் பண்ணிப் பாத்தேன், லிவர் லொடலொடன்னு ஆடுது, ஒண்ணுமே ஏறல, டயாஃப்ரம் கிழிஞ்சிடுச்சோன்னு பயந்துட்டேன்.

பெட்ரோல் அளவு கேட்டீங்க, அங்கதான் எனக்கே ஒரு பொறி தட்டுச்சு. ஜனவரில காஞ்சிபுரம் வரைக்கும் போயிட்டு வந்தோம், நிக்கவே இல்ல, அன்னிக்கு டேங்க் ஃபுல் பண்ணிட்டுத்தான் கிளம்புனேன். குளிர் காலம்னாலதான் ஓடுச்சுன்னு நினைச்சுட்டிருந்தேன். நேத்து குச்சி விட்டுப் பாத்தா பாதிக்கும் கம்மி. வழக்கமா நான் ஆயிரம் ரூபாய்க்கு மேல போடுறதில்ல, வீட்ல நிக்கிற வண்டில எதுக்கு பெட்ரோலைப் போட்டு கெட வைக்கணும்னு.

வேலூர் வெயில்

சரி ஈரத்துணியை வாபஸ் வாங்கிக்கிறேன் 😄

பட்டறை பாண்டி

வாபஸ் வாங்காதீங்க தம்பி, அதுக்கும் வேலை வரும்.

ஹெரால்ட் சார், கை லிவர் லொடலொடன்னு ஆடுனா பயப்படாதீங்க, இன்ஜின் நிக்கும்போது உள்ள சுத்துற கேமோட (பம்பை இயக்குறது) மேடு பம்ப் கையைத் தூக்கிப் பிடிச்ச நிலையில நின்னா கை லிவருக்கு இழுக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது. இன்ஜினை ஒரு சுத்து சுத்தி விட்டுட்டு மறுபடி அடிங்க, கைக்கு கனம் தெரியும். இது தெரியாம நல்ல பம்பைத் தூக்கிப் போட்டவங்க எத்தனையோ பேர்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஃபுல் டேங்க்ல ஓடுது, பாதிக்குக் கீழ போனா நிக்குது, கிண்ணத்துல நுரை. இது காத்து இழுக்குற கேஸ். பம்ப் இழுக்குற பக்கத்துல எங்கயோ ஊசி முனை அளவு ஓட்டை இருக்கு. அழுத்துற பக்கத்துல ஓட்டை இருந்தா பெட்ரோல் சொட்டும், கண்ணுக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும். இழுக்குற பக்கத்துல இருந்தா ஒரு சொட்டு வெளிய வராது, காத்துதான் உள்ள போகும், அதனாலதான் யாரும் கண்டுபிடிக்கிறதில்ல. இளநீர்ல போட்ட ஸ்ட்ரால மேல கீறல் இருந்தா எவ்வளவு உறிஞ்சுனாலும் காத்துதானே வருது, அதேதான். டேங்க் லெவலைப் பொறுத்து மாறுதுன்னா எனக்கு டேங்க்குக்குள்ள இறங்குற பிக்கப் பைப் மேலதான் சந்தேகம். பெட்ரோல் ஓட்டைக்கு மேல நிக்கிற வரைக்கும் ஓட்டையும் பெட்ரோலையே இழுக்கும், ஒண்ணும் தெரியாது. லெவல் ஓட்டைக்குக் கீழ இறங்குனதும் காத்து. ஊருக்குள்ள மெதுவா போகும்போது இன்ஜினுக்கு வேணுங்கறது கம்மி, அதனால காத்தும் பெட்ரோலும் கலந்து வந்தாலும் சமாளிச்சுடும். 60-ல போனா சமாளிக்க முடியாது, கார்புக்குள்ள பெட்ரோல் தேங்குற ஃப்ளோட் சேம்பர் கொஞ்சம் கொஞ்சமா வத்தும், அதான் பத்து நிமிஷம் கழிச்சு திணறுது.

உறுதி பண்ண ஒரு வழி. இன்ஜின் நல்லா ஆறியிருக்கும்போது பண்ணுங்க, பக்கத்துல தீயணைப்பு சிலிண்டர் இருக்கணும், பீடி சிகரெட் ஆளுங்களை தெருவுக்கே விடாதீங்க. காயில் ஒயரைக் கழட்டி ஓரமா வைங்க, பம்ப்லேர்ந்து கார்புக்குப் போற பைப்பைக் கழட்டி ஒரு பாட்டிலுக்குள்ள விடுங்க, ஒரு ஆளை 15 செகண்ட் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. வந்த பெட்ரோலை அளந்துக்குங்க. அப்புறம் டேங்க்லேர்ந்து வர்ற பைப்பைப் பம்ப்ல கழட்டிட்டு, அந்த இடத்துல ஒரு முழம் புது ஓஸ் மாட்டி தரைல இருக்குற பெட்ரோல் கேனுக்குள்ள விட்டு மறுபடி 15 செகண்ட். ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்தா பம்ப் நிரபராதி. டேங்க் மேல ரிசர்வ் லிவர் (அடியில மிச்சமிருக்குற பெட்ரோலை எடுக்க) இருந்தா அதையும் திருப்பிப் பாருங்க.

யாழ் ஏ40

வணக்கம் அண்ணையாக்கள். நான் யாழ்ப்பாணம், எங்கட வீட்டில இப்பவும் ஒரு ஒஸ்ரின் ஏ40 நிக்குது. பாண்டி அண்ணை சொன்ன கேன் சோதினையை வாசிக்க எனக்கு அப்பான்ர ஞாபகம் வந்திட்டுது. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை நேரம் இங்க பெற்றோல் எண்டது மருந்துக்கும் இல்லை, எங்கட ஊர்க் கார் எல்லாம் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. குளிர்ந்த இஞ்சின் மண்ணெண்ணெயில பத்தாது, அதால பெற்றோலைச் சொட்டுச் சொட்டாச் சேர்த்து வைச்சு, ஸ்ராட் பண்ணுறதுக்கு மட்டும் காபரேற்றருக்கை கொஞ்சம் விடுறது. அப்பா ஒரு சேலைன் போத்தலை பொனற்றுக்குக் கீழ கட்டித் தூக்கியிருந்தார், இஞ்சின் சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவார். நிப்பாட்டினா திரும்பப் பெற்றோல் வேணும் எண்டு கடைக்குப் போனாலும் இஞ்சினை நிப்பாட்டமாட்டார். புகை எண்டா சொல்ல வேண்டாம்.

நான் சொல்ல வந்தது என்னெண்டா, போத்தில் மேல தொங்கினா பம்ப்பும் வேண்டாம் ராங்கும் வேண்டாம், தன்பாட்டில வடியும். அப்ப கார் ஒழுங்கா ஓடிச்சுதெண்டா பிழை பின்னுக்குத்தான் எண்டு அப்பா கண்டுபிடிச்சுப் போடுவார். ஆனா அதைப் பாத்திட்டு நீங்கள் இப்ப போத்தில் கட்டி றோட்டில ஓடாதேங்கோ, சூட்டு மனிபோல்டுக்கு மேல பெற்றோல் போத்தில் தொங்கிறது கொள்ளிக்கட்டையை மடியில வைக்கிற மாதிரி. அந்தக் காலத்தில வேற வழி இல்லை, இப்ப இருக்கு.

கிண்டி கேஸ்கட்

எலக்ட்ரிக் பம்ப் பத்தி யாரும் பேசலையே. நான் என் பத்மினி கார்ல போட்டு கையைச் சுட்டுக்கிட்டேன், அதனால சொல்றேன். இந்த கால கார்ப் வண்டி பம்பெல்லாம் சுமார் 2 லேர்ந்து 4 பிஎஸ்ஐக்குள்ளதான் அழுத்தம் கொடுக்கும், சோலெக்ஸ்ல பெட்ரோல் வரவை அடைக்கிற நீடில் வால்வ் அந்த அளவுக்குத்தான் தாங்கும். கடையில "எல்லா வண்டிக்கும் சேரும்"னு குடுத்த பம்பை வாங்கி மாட்டுனேன், நீடிலைத் தள்ளிட்டு ஓவர்ஃப்ளோ ஆகி இன்டேக் (இன்ஜின் காத்து இழுக்குற குழாய்) மேல பெட்ரோல் கொட்டுச்சு, நல்லவேளை வாசல்லயே பாத்துட்டேன். இன்ஜெக்‌ஷன் வண்டி பம்ப் போட்டா இன்னும் மோசம், அது 40 பிஎஸ்ஐக்கு மேல. அதுவும் இல்லாம உங்க கேஸ்ல எலக்ட்ரிக் பம்ப் போட்டாலும் அதே ஓட்டை பைப்லேர்ந்துதான் இழுக்கப் போகுது, காத்தைத்தான் குடிக்கும், இன்னும் வேகமா குடிக்கும். போட்டே ஆகணும்னா லோ பிரஷர் பம்ப், பின்னாடி டேங்க் பக்கத்துல, ஆக்சிடென்ட் ஆனா கட் ஆகுற சுவிட்ச் வச்சு. அது இல்லாட்டி கார் கவுந்து கிடந்தாலும் அது பாட்டுக்கு பெட்ரோல் அடிச்சுட்டே இருக்கும்.

அப்புறம் ஓஸ். பழைய வண்டில ஒரிஜினல் ரப்பர் எத்தனாலுக்கு செஞ்சது இல்ல, ஊறி உப்பும், உள்பக்கம் உரியும், வெளிய பாத்தா புதுசு மாதிரி இருக்கும். வாங்குறப்ப ஓஸ் மேல எஸ்ஏஇ ஜே30 ஆர்9-னு (பெட்ரோல் ஓஸ் தர முத்திரை) அச்சடிச்சிருக்கான்னு பாத்து வாங்குங்க. பச்சைக் கலர்ல கண்ணாடி மாதிரி உள்ள தெரியுற ஓஸ் அழகா இருக்குன்னு மாட்டாதீங்க, ஆறு மாசத்துல கல்லு மாதிரி ஆயிடும், கிளிப் பிடிக்காது, அங்கயும் காத்து இழுக்கும். இன்னொண்ணு, டயாஃப்ரம் கிட் போட்டேன்னு சொன்னீங்க, அதனால ஆயில் டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க, பெட்ரோல் வாடை அடிச்சா டயாஃப்ரம் ஒழுகி ஆயிலோட கலக்குது, அப்படி இருந்தா ஆயில் மாத்தாம வண்டியை எடுக்கவே கூடாது.

குரோம்பேட்டை ஹெரால்ட்காரன்

எல்லாருக்கும் நன்றி, பத்து நாள் ஆச்சு, லேட்டா வந்ததுக்கு மன்னிச்சுக்குங்க. நடந்ததை முழுசா எழுதிடறேன், இதே மாதிரி வண்டி வச்சிருக்குறவங்களுக்கு உதவும்.

ஆயில் மோந்து பாத்தேன், வாடை இல்ல. பாண்டி அண்ணே சொன்ன மாதிரி அளந்தேன், அளவு டம்ளர் கணக்குதான். டேங்க் லைன்ல 15 செகண்டுக்கு அரை டம்ளர் கூட தேறல, அதுலயும் துப்பித் துப்பி நுரையா வந்துச்சு. கேன்லேர்ந்து இழுக்க விட்டா குமிழி இல்லாம துடிச்சுத் துடிச்சு வருது, முக்கா டம்ளர். ரிசர்வ் லிவர் இருக்கு ஆனா எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அது திரும்புனதே இல்ல, இறுகிக் கிடக்கு, அதை முறைச்சுப் பாத்துட்டு விட்டுட்டேன்.

டிக்கில டேங்க்கைக் கழட்டுறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டிட்டு பெட்ரோலை எல்லாம் வடிச்சேன், அதுக்கே ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு. பிக்கப் பைப்பை வெளிய எடுத்து ஒரு முனையை விரலால அடைச்சு, மறு முனைல சைக்கிள் பம்ப் ஓஸை மாட்டி, பஞ்சர் கடைல டியூபை முக்குற மாதிரி பக்கெட் தண்ணில முக்கி என் பையனை அடிக்கச் சொன்னேன். பைப்போட பாதிக்குக் கொஞ்சம் கீழ வரிசையா குட்டிக் குட்டி குமிழி! வெளிய எடுத்து துடைச்சுப் பாத்தா ஒண்ணுமே தெரியல, வெறும் துருப்புள்ளி மாதிரி இருக்கு, நகத்தால சுரண்டுனப்புறம்தான் ஓட்டைன்னே தெரிஞ்சுது. ஆறு வருஷம் பாதி டேங்க்கோட நின்னப்ப பெட்ரோல் மட்டத்துக்கு மேல இருந்த இடம் துரு பிடிச்சிருக்கும்னு நினைக்கிறேன், டேங்க் உள்பக்க சுவர்லயும் அதே உயரத்துக்கு ஒரு கோடு இருக்கு.

பைப்பை தாம்பரத்துல ரேடியேட்டர் வேலை செய்யுற பெரியவர்கிட்ட குடுத்தேன், ஓட்டை இருந்த துண்டை வெட்டிட்டு அதே சைஸ் செம்புக் குழாய் வச்சு ஈயம் பத்த வச்சுக் குடுத்தாரு. டேங்க்கையும் பாக்கச் சொன்னப்ப "பெட்ரோல் டேங்க்ல நெருப்பு காட்டுற வேலைக்கு நான் வரமாட்டேன், காலி டேங்க்தான் வெடிக்கும்"னு கறாரா சொல்லிட்டாரு, அந்த ஒரு வார்த்தைக்கே அவர் மேல மரியாதை வந்துடுச்சு. நல்லவேளை டேங்க்ல ஓட்டை இல்ல. உள்ள ஒரு கை நட்டு போல்ட் போட்டு நானும் பையனும் மாத்தி மாத்தி குலுக்குனோம், செம்மண் கரைசல் மாதிரி வந்துச்சு. பிக்கப் முனைல இருந்த வலையும் பாதி அடைப்பு.

இதுக்கு நடுவுல இன்னொரு கோளாறு. கேன்லேர்ந்து இழுத்தும் ஏன் முக்கா டம்ளர்தான் வருதுன்னு பம்பைக் கழட்டுனா, பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவுல ரெண்டு கேஸ்கட் போட்டு ஷெல்லாக் பசை வேற பூசி வச்சிருக்கு. ஆயில் கசியக் கூடாதுன்னு போட்டிருப்பாங்க.

பட்டறை பாண்டி

அதேதான்! கேஸ்கட் தடிமன் கூடக் கூட பம்ப் கை கேம்லேர்ந்து தள்ளிப் போகும், அடி குறையும், அடி குறைஞ்சா இழுக்குறதும் குறையும். ஒரிஜினல் தடிமன் ஒண்ணே ஒண்ணு போடுங்க.

குரோம்பேட்டை ஹெரால்ட்காரன்

போட்டேன் அண்ணே, ஒண்ணே ஒண்ணு. இப்ப டம்ளர் ரொம்பி வழியுது. ஓஸ் எல்லாம் ஆர்9, டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவுல ஒரு சின்ன கண்ணாடி ஃபில்டர், துரு இன்னும் கொஞ்ச நாள் வந்துட்டுதான் இருக்கும்ல.

நேத்து வேணும்னே கால் டேங்க் பெட்ரோலோட, மதியம் 12 மணி வெயில்ல கிளம்புனேன். பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில், கையெல்லாம் வேர்த்துடுச்சு, ரோட்டைப் பாக்குறதை விட்டுட்டு இன்ஜின் சத்தத்தையே கேட்டுட்டு போனேன். செங்கல்பட்டு தாண்டி மதுராந்தகம் ஏரிக்கரை வரைக்கும் 60 குறையல, ஒரு ஜெர்க் இல்ல.

ஆனா ஒண்ணு. ஏரிக்கரைல டீ குடிக்க கால் மணி நேரம் நிறுத்திட்டு ஸ்டார்ட் பண்ணா ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்குது, பெட்ரோல் வாடை குப்புனு அடிக்குது. ஓடும்போது ஒண்ணும் இல்ல, நிறுத்தி எடுத்தாதான். இது அதே பிரச்சனையோட மிச்சமா?

பட்டறை பாண்டி

இல்ல, இது வேற. ஓடுற வரைக்கும் காத்தும் பெட்ரோலும் கார்பைக் குளிர வைக்கும், நிறுத்துனதும் மனிஃபோல்ட் சூடு மேல ஏறி ஃப்ளோட் சேம்பர்ல இருக்குற பெட்ரோலைக் கொதிக்க வச்சு இன்டேக்குக்குள்ள தள்ளிடும். அதான் வாடை. சோக் இழுக்காதீங்க, ஆக்சிலேட்டரைக் குத்திக் குத்தி மிதிக்காதீங்க, ஒரே மிதியா முழுசா மிதிச்சுப் பிடிச்சுட்டு செல்ஃப் அடிங்க, தேங்கியிருக்குற ஆவி வெளிய போனதும் பிடிச்சுக்கும், பிடிச்ச உடனே காலை எடுத்துடுங்க. அப்புறம் கார்புக்கும் மனிஃபோல்டுக்கும் நடுவுல சூடு ஏறாத தடி ஸ்பேசர் இருக்கான்னு பாருங்க, ரெண்டு தடவை கழட்டி மாட்டுனதுல அது பட்டறை மூலைல எங்கயாவது கிடக்கும்.

குரோம்பேட்டை ஹெரால்ட்காரன்

ஸ்பேசர் இல்ல அண்ணே. இப்பதான் போய் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வர்றேன், வெறும் பேப்பர் கேஸ்கட்தான் இருக்கு. நாளைக்கு மெக்கானிக் கடை டப்பாவைக் கவுத்துத் தேடணும்.

வேலூர் வெயில்

அது கிடைக்கிற வரைக்கும் டீக்கடைல நிறுத்துனா பானெட்டைத் திறந்து வைங்க ப்ரோ, ஹெரால்ட் பானெட் ஃபென்டரோட சேந்து மொத்தமா முன்னாடி கவுந்துடும், சூடு போயிடும், டீக்கடைக்காரரும் டீயை விட்டுட்டு வேடிக்கை பாக்க வருவாரு. அப்புறம் பாண்டி அண்ணே, ஈரத்துணியை கார்ப் மேல போடலாமா இப்ப?

பட்டறை பாண்டி

பிழிஞ்சுட்டுப் போடுங்க தம்பி, டிஸ்ட்ரிபியூட்டர் மேல தண்ணி சொட்டிடப் போகுது.